அடிவாரத்தில் கிடைத்த திருவடி



திருமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் முதலில் வந்து கூடும் இடம் அலிபிரி. 2022-ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட அந்த மலையடிவாரத்தில் பாத மண்டபம் என்ற திருக்கோயில் உள்ளது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தம் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் அடியார்கள், பெருமாளின் உலோகப் பாதுகைகளைத் தலைமேல் தாங்கி வலம் வருகிறார்கள். தமக்குரியது காலிலிருந்து இறங்குகிறது; அவருக்குரியது தலைமேல் ஏறுகிறது. அதன் பிறகுதான் அவர்கள் முதற்படியில் கால் வைக்கிறார்கள்.

அங்கிருந்து ஏறத்தாழ 3,550 படிகள். தொலைவு சுமார் ஒன்பது கிலோமீட்டர். சிலர் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, குனிந்து வணங்கியபடியே ஏறுவார்கள். படி பூஜை என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் வேண்டுதல் நிறைவேறியவர்களே இதைச் செய்வார்கள் என்று அடியேன் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார் தனியாகப் படி பூஜை செய்துகொண்டு வருவதைக் கண்டேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். சற்று இளைப்பாற அமர்ந்தபோது, "வேண்டுதல் நிறைவேறியதா, அம்மா?" என்று இயல்பாகக் கேட்டுவிட்டேன்.

அவர் உடனே பதில் கூறவில்லை. மஞ்சள் படிந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு, "இல்லை, சுவாமி. என் வீட்டுக்காரர் நோயிலிருந்து எழுந்துவிட்டால் படி பூஜை செய்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அவர் எழவில்லை" என்றார்.

நான் பேச்சற்று நின்றேன். அவரே தொடர்ந்தார்: "ஒரு வருடம் வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை. பெருமாள் படத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் தோன்றியது. அவர் எழுந்தால் வருகிறேன் என்றுதானே சொன்னேன்? எழாவிட்டால் வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லையே! அதனால் வந்துவிட்டேன்."

இவ்வளவு சொல்லிவிட்டு அவர் அடுத்த படிக்கு மஞ்சள் பூசத் தொடங்கினார். இறைவன் நம்மைச் சோதிப்பதைப் பற்றி எத்தனையோ நூல்களில் படித்திருக்கிறோம். எத்தனையோ சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு வாக்கியத்தின் முன்னே அவையெல்லாம் எனக்கு முன்னுரையாகவே தோன்றின.

எல்லாம் அறிந்தவருக்குச் சோதனை எதற்கு?

ஆசிரியர் மாணவனைச் சோதிக்கிறார் என்றால், அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது ஆசிரியருக்குத் தெரியாததால் சோதிக்கிறார். நம் உள்ளத்தின் ஆழத்தை நாமே அறிவதற்கு முன்பு அறிந்திருக்கும் பகவானுக்கு அப்படி ஒரு தேவை இருக்க முடியுமா? இந்த ஐயம் நம்மில் பலருக்கு எழுவது இயற்கை.

சோதனை என்னும் சொல்லையே சற்று ஆராய்ந்து பார்ப்போம். இது வடமொழியில் 'சோதனம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் தூய்மை செய்தல் என்பதாகும். ஆயுர்வேதத்தில் உடலில் தேங்கிய மாசுகளை வெளியேற்றும் சிகிச்சைக்குச் சோதனம் என்றே பெயர். ஆராய்ந்து பார்த்தல் என்ற பொருளே நம் பேச்சு வழக்கில் முன்னே வந்து நின்றுவிட்டதால், தூய்மை என்ற மூலப்பொருளை நாம் மறந்துவிட்டோம்.

பொற்கொல்லரின் பட்டறையில் இரண்டையும் காணலாம். அவரிடம் உரைகல் ஒன்று இருக்கிறது. பொன்னை அதில் தேய்த்து, விழும் கோட்டின் நிறத்தைக் கொண்டு மாற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஆனால் உரைகல் பொன்னைத் தூய்மையாக்குவதில்லை. தேய்ப்பதற்கு முன் எப்படி இருந்ததோ, பின்னும் பொன் அப்படியேதான் இருக்கிறது. அவரிடம் மூசையும் நெருப்பும் இருக்கின்றன. பொன்னை மூசையில் இட்டு, வெண்காரம் சேர்த்து உருக்குகிறார். கசடு ஒதுங்குகிறது, பொன் தெளிகிறது. தவத்தின் துன்பத்தைப் பேச வந்த திருவள்ளுவரும் நெருப்பில் இட்ட பொன்னையே உவமையாக எடுத்தாண்டார் என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

பகவானிடம் உரைகல் இல்லை; அவருக்கு அது தேவையுமில்லை. அவரிடம் இருப்பது மூசை மட்டுமே. அதில் எரிவது எது, எஞ்சுவது எது என்பதை திருமலையில் வாழ்ந்த ஒரு மகானின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

உடைந்த குடம்

ஆளவந்தாரின் சீடர்களுள் ஒருவர் திருமலை நம்பிகள். இராமானுஜருக்குத் தாய்மாமன். திருமலையப்பனின் திருமஞ்சனத்திற்குத் தீர்த்தம் கொண்டுவருவதையே தம் வாழ்க்கைப் பணியாக ஏற்றவர். திருக்கோயிலிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் தலையில் குடம் சுமந்து வருவார். காடும் மேடும் நிறைந்த வழி. முதுமை வந்தபோதும் அவர் அப்பணியை விடவில்லை.

ஒருநாள் வழியில் வேடன் ஒருவன் எதிர்ப்பட்டான். "தாத்தா, தாகமாக இருக்கிறது, தண்ணீர் தாருங்கள்" என்று கேட்டான். இது பெருமாளுக்குரிய தீர்த்தம், தர இயலாது என்று நம்பிகள் மறுத்து நடந்தார். வேடன் பின்னாலேயே வந்து அம்பினால் குடத்தைத் துளைத்து, வழிந்த நீரைப் பருகிவிட்டான். குடம் காலியானதை உணர்ந்த முதியவர் கண்ணீர் விட்டார். மீண்டும் பாபவிநாசம் சென்றுவரக் கால்களில் வலுவில்லை. திருமஞ்சனத்திற்கு வேளையும் இல்லை. வேடன் அவரை அழைத்துச் சென்று பாறையில் அம்பெய்தான். அங்கே நீர் பெருகிற்று. அதுவே ஆகாச கங்கை என்றும், வேடனாக வந்தவர் வேங்கடவனே என்றும் வைணவ மரபு போற்றுகிறது. இந்த நிகழ்ச்சியை நினைவுகூரும் தண்ணீரமுது உற்சவம் இன்றும் திருமலையில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நம்பிகளின் வழித்தோன்றல்கள் தீர்த்தக் கைங்கர்யத்தைத் தொடர்ந்து வருகிறார்கள்.

இந்த வரலாற்றைப் பகவானின் விளையாட்டு என்று சொல்லி நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். சற்று நின்று சிந்திப்போம். குடம் துளைக்கப்பட்ட நேரத்திற்கும் ஊற்று பெருகிய நேரத்திற்கும் இடையே சில நிமிடங்கள் இருந்தன. அந்தச் சில நிமிடங்களில் நம்பிகளுக்கு எதிரே நின்றவன் யார் என்று தெரியாது. ஊற்று வரப்போவதும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் உடைந்த குடமும் தம் தளர்ந்த கால்களுமே. அப்போது அவர் தம் உழைப்பு வீணானதற்காக அழவில்லை. பெருமாளின் திருமஞ்சனத்திற்குத் தடை வந்துவிட்டதே என்று அழுதார். நெருப்பில் எஞ்சிய பொன் அந்தக் கண்ணீர்தான்.

நம் வாழ்விலும் இந்த இடைவேளைதான் சோதனைக் காலம். வரலாற்றைப் படிக்கும் நமக்கு முடிவு முன்பே தெரியும், வாழ்கின்றவருக்குத் தெரிவதில்லை. நாம் நீண்ட நாள் சுமந்து வந்த ஏதோ ஒரு குடம் ஒருநாள் துளைபடுகிறது. துளைத்தவன் பகைவனாகவே தோன்றுகிறான். அந்த நேரத்தில் நாம் எதற்காக அழுகிறோம் என்பதே நம் பக்தியை நமக்குக் காட்டித்தரும்.

புளிய மரத்தடியில்

இனி அடிவாரத்துக்கு வருவோம். அலிபிரி என்ற பெயர் 'அடிப்புளி' என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு என்று கூறுவர். மலையடியில் நின்ற புளிய மரத்தைக் குறித்த பெயர் அது. தம் ஆசாரியர்களுள் ஒருவராகத் திருமலை நம்பிகளை ஏற்ற இராமானுஜர், ஓராண்டுக் காலம் திருப்பதியில் தங்கி அவரிடம் ஸ்ரீராமாயணத்தின் உட்பொருளைக் கேட்டார். அந்தப் பாடம் நடந்த இடம் இந்தப் புளிய மரத்தடி என்பது மரபு.

முதியவரான நம்பிகள் காலையில் மலைமீது தம் கைங்கர்யத்தை முடித்துவிட்டு, பாடம் சொல்வதற்காகக் கீழே இறங்கி வருவார். இராமாயணத்தில் ஆழ்ந்திருக்கையில் உச்சிக்காலம் கடந்துவிடும். நடுப்பகல் வழிபாட்டில் பெருமாளைச் சேவிக்கும் பேறு அவருக்கு இல்லாமற்போயிற்று. பல்லாண்டுகள் தவறாமல் நின்ற இடத்தில் தாம் இப்போது நிற்கவில்லையே என்று அவர் உள்ளம் வருந்தினார். அவ்வருத்தத்தை அறிந்த வேங்கடவன், பாடம் நடந்த அந்தப் புளிய மரத்தடியிலேயே தம் திருவடிகளைக் காட்டியருளினான் என்று பெரியோர் கூறுவர். அலிபிரியில் நாம் வணங்கும் ஸ்ரீபாதங்கள் இந்த வரலாற்றையே நினைவூட்டுகின்றன.

சோதனை என்றால் நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்தெடுப்பது என்று நாம் நினைக்கிறோம். உண்மையான அடியாருக்கு அது கடினமன்று. இரண்டு நன்மைகளுக்கு இடையே நிற்பதுதான் கடினம். ஒருபுறம் தம் உயிரினும் இனிய உச்சிக்கால சேவை. மறுபுறம் தம்மை நாடி வந்த சீடனுக்குச் சாஸ்திரத்தை முழுமையாக வழங்கும் கடமை. நம்பிகள் பாடத்தைப் பாதியில் நிறுத்தவில்லை. தமக்கு இனிமையான வழிபாட்டை விட்டுக்கொடுத்து, தமக்கு வாய்த்த கடமையைச் செய்தார். விட்டுக்கொடுத்ததை எண்ணி வருந்தவும் செய்தார். அந்த வருத்தத்தைப் பகவான் குற்றமாகக் கொள்ளவில்லை.

இந்த இடத்தில் நம் அன்பர்கள் பலருடைய வாழ்க்கையை நினைக்கிறேன். நாள்தோறும் ஆலயம் சென்றுவந்த இல்லத்தரசி, படுக்கையில் விழுந்த மாமியாரை விட்டு அகல முடியாமல் போகிறார். அதிகாலையில் ஜபம் செய்துவந்த இளைஞர், இரவுப் பணி கிடைத்ததால் அந்த நேரத்தை இழக்கிறார். "முன்போல் பூஜை செய்ய முடியவில்லையே, இறைவன் என்னை விலக்கிவிட்டாரோ?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நோயாளியின் கட்டிலருகே நாம் அன்போடு அமர்ந்திருந்தால், அந்தக் கட்டிலருகே திருவடிகள் வரும். மலைமேல் செல்ல முடியாதவனுக்காக மலையப்பனே அடிவாரத்திற்கு இறங்கி வந்தான் என்பதற்கு அலிபிரி சாட்சி.

எரிவது எது?

இராமானுஜர் மலைக்கு ஏறிவந்தபோது அவரை வரவேற்க முதியவரான நம்பிகளே பிரசாதத்துடன் வந்தாராம். தங்களைவிடச் சிறியவர் ஒருவரை அனுப்பியிருக்கலாகாதா என்று இராமானுஜர் மனம் பதறிக் கேட்க, நான்கு வீதிகளிலும் தேடிப் பார்த்தும் தம்மைவிடச் சிறியவர் எவரும் அகப்படவில்லை என்று நம்பிகள் கூறினாராம். அத்தனை ஆண்டுகள் குடம் சுமந்த தலையில் 'நான்' என்ற சுமை சிறிதும் இல்லை என்பது இதனால் விளங்குகிறது.

மூசையில் எரிவது இதுதான். நம்பிக்கை எரிவதில்லை, நம்பிக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'என்னுடையது' என்ற எண்ணமே எரிகிறது. என் பூஜை, என் வேண்டுதல், நான் செய்ததற்குரிய பலன் என்று எத்தனையோ கசடுகள் பக்தியில் கலந்திருக்கின்றன. அவை கலந்திருப்பது சுகமான நாள்களில் நமக்கே தெரிவதில்லை.

தாளப்பாக்கம் அன்னமாசார்யரைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. 1408-ஆம் ஆண்டு பிறந்த அந்த அருளாளர், சிறுவனாக இருந்தபோது யாத்ரீகர்களோடு சேர்ந்து இம்மலையில் ஏறினார். செங்குத்தான பகுதியில் பசியாலும் களைப்பாலும் மயங்கி விழுந்தார். அலமேலுமங்கைத் தாயார் ஒரு முதியவள் வடிவில் தோன்றி, சாளக்கிராம மயமான இந்த மலையில் காலணியோடு ஏறலாகாது என்று உணர்த்தி, பிரசாதம் ஊட்டினாள் என்பர். காலணியைக் கழற்றிய சிறுவனின் நாவில் பாடல் பிறந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கான சங்கீர்த்தனங்களை அருளிய வாழ்க்கையின் தொடக்கம் அந்த மயக்கம்தான். அச்சிறுவன் பாவம் எதுவும் செய்யவில்லை. தனக்கும் மலைக்கும் இடையே ஒரு மெல்லிய தோல் இருந்ததை அறியாதிருந்தான், அவ்வளவே. அதை அறியவைக்க ஓர் இடறல் தேவைப்பட்டது. இடறிய இடத்தில் தாயும் காத்திருந்தாள்.

இதே உண்மையை நம் காலத்துக்கு அருகில் தட்சிணேசுவரத்திலும் காண்கிறோம். 1884-ஆம் ஆண்டு தந்தையை இழந்த நரேந்திரரின் குடும்பம் கடும் வறுமையில் வீழ்ந்தது. வேலை தேடி அலைந்தும் பயனில்லை. தாயும் தம்பிகளும் பசியில் வாடினர். பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தராகத் திகழப்போகும் அவர், இறைவன் உண்டா என்றே கேட்கும் நிலைக்கு வந்தார். ஸ்ரீராமகிருஷ்ணர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. காளி தேவியிடமே சென்று கேட்கும்படி அனுப்பினார். மூன்று முறை சென்றார் நரேந்திரர். மூன்று முறையும் பொருள் கேட்க மறந்து, விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியுமே வேண்டித் திரும்பினார். பிறகு குருதேவர், குடும்பத்துக்கு எளிய உணவுக்கும் உடைக்கும் குறைவு வராது என்று அருளினார். வறுமை நரேந்திரரின் நம்பிக்கையை அழித்துவிடும் போலிருந்தது. அது அழித்தது எதை என்பதை அன்னையின் சந்நிதியில்தான் அவர் அறிந்தார்.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 'இது இறைவனின் சோதனை' என்ற சொல் மிகக் கூரியது. அதைத் தம் துன்பத்தைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளலாம். பிறர் துன்பத்தைப் பார்த்துச் சொல்லலாகாது. பிள்ளையை இழந்தவரிடம் சென்று, பகவான் உம்மைச் சோதிக்கிறார் என்று கூறுவது ஆறுதலாகாது. அவருக்கு வேண்டியது உடனிருக்கும் ஒரு மனிதர். ஒரு வேளை உணவு. மௌனமான ஒரு கைப்பற்று. அயலான் பசித்திருக்கையில், அது அவனுக்கு வந்த சோதனை என்று நாம் வாளாவிருந்தால், அந்தச் சோதனையில் தோற்பவர்கள் நாமே.

அதுபோலவே, நோய் வந்தால் மருந்து உண்ண வேண்டும். அநீதி நேர்ந்தால் முறையிட வேண்டும். வறுமை வந்தால் உழைக்கவும் உதவி கேட்கவும் வேண்டும். நம்பிகளும் குடம் உடைந்ததும் விதி என்று அங்கேயே அமர்ந்துவிடவில்லை. தீர்த்தம் வேண்டுமே என்று தவித்தார். முயற்சியைக் கைவிடுவது சரணாகதி ஆகாது.

மற்றொன்றும் உண்டு. சோதனைக் காலத்தில் அழுவதும், சில நாள் இறைவனோடு ஊடுவதும் பக்தியின் தோல்வி என்று எண்ண வேண்டாம். அந்த அம்மையார் ஓராண்டு விளக்கேற்றவில்லை. பெருமாள் படத்தைத் திருப்பி வைத்தார். ஆனால் எடுத்து எறியவில்லை. திருப்பி வைக்கும் கையிலும் உறவு இருக்கிறது. யாரும் இல்லாத இடத்தில் யாரோடு கோபித்துக்கொள்வது?

படிகள் கற்பிப்பவை

1944-ஆம் ஆண்டு மலைப்பாதை திறக்கப்பட்டது முதல் திருமலைக்கு வாகனத்தில் செல்ல முடிகிறது. 1974-இல் இரண்டாவது பாதையும் வந்தது. இன்று நடந்து ஏறுபவர்கள் விரும்பியே ஏறுகிறார்கள். வாழ்க்கையின் படிகளில் நமக்கு அந்த உரிமை இல்லை. அவற்றுக்கு மாற்றுப் பாதை கிடையாது. ஆயினும் அலிபிரியின் படிகள் அந்தப் படிகளுக்கு நம்மைப் பழக்குகின்றன.

தொடக்கத்திலேயே செங்குத்தான படிகள். காளி கோபுரத்தை அடைவதற்குள் பலருக்கு மூச்சு வாங்கிவிடும். அதற்குப் பிறகு பாதை சற்றுத் தணிந்து காட்டின் நிழலில் செல்கிறது. துன்பம் முடிந்தது என்று நினைக்கும்போது, இறுதியில் முழங்கால் முறிச்சான் என்னும் ஏற்றம் எதிர்ப்படுகிறது. புனிதமான இம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சிய இராமானுஜர் முழங்காலால் ஏறிய இடம் என்பர். இரண்டாயிரம் படிகளை ஏறிய கால்கள் அங்கே மீண்டும் புதிதாய் ஏறத் தொடங்க வேண்டும்.

ஏறுபவர்கள் கையாளும் வழி எளியது. உச்சியைப் பார்ப்பதில்லை, அடுத்த படியைப் பார்க்கிறார்கள். நாமத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். களைத்தவர் அமர்ந்தால் அருகிலிருப்பவர் தண்ணீர் கொடுக்கிறார். மொழி தெரியாதவரும் 'கோவிந்தா' என்று சொல்லிக் கைகொடுக்கிறார். சோதனைக் காலத்து ஆன்மிக சாதனையும் இந்த மூன்றுதான். நாளையைப் பற்றிய அச்சத்தை விட்டு இன்றைய கடமையைச் செய்தல். சிறிதளவேனும் நாமஜபத்தை விடாதிருத்தல். தம்மினும் களைத்தவருக்குத் தோள் கொடுத்தல். உயர்ந்த தியானம் கைகூடாத நாள்களிலும் இவை கைகூடும்.

அன்று இளைப்பாறிய பின் நான் புறப்பட்டேன். அந்த அம்மையார் வெகு கீழே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அவர் அன்று சந்நிதியை எப்போது அடைந்தார் என்பது எனக்குத் தெரியாது. நேர்ந்துகொண்டபோது அவர் பகவானிடம் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற வந்தவர். அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் என்ற கணக்கு எரிந்துபோன பிறகும் அவரிடம் கொடுப்பதற்கு ஏதோ எஞ்சியிருந்தது. கைநிறைய மஞ்சளும், எதையும் எதிர்பாராத ஒரு வணக்கமும். அந்தப் பொன்னுக்கு மாற்றுக் குறைவே இல்லை.

வேங்கடவா! எங்கள் குடங்கள் துளைபடும் வேளையில் உன்னை அடையாளம் காணும் கண்களை எங்களுக்குத் தந்தருள். காண இயலாவிட்டால், காணாமலும் உன் பணியில் நிற்கும் உறுதியைத் தந்தருள். மலையேற முடியாமல் அடிவாரத்திலேயே கடமையில் நிற்கும் உன் பிள்ளைகளுக்கு, அவர்கள் நிற்கும் இடத்திலேயே உன் திருவடிகளைக் காட்டியருள்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி: